வேகத்தில் நடுங்கும் வண்டி
நோயின் மூலத்தை அறிவது எப்படி?

வீட்டுக்கு ஒரு மோட்டார் வண்டி என்னும் நிலை நம் நாட்டில் இன்னும் வந்துவிடவில்லை. ஆயினும் மோட்டார் வண்டியிற் பிரயாணம் செய்யாத குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது. திருமணம், திருவிழா, யாத்திரை, வைத்தியசாலை என்று ஏதாவதொரு காரியத்தை முன்னிட்டுச் சொந்தக் காரிலோ வாடகை வானிலோ நெடுந்தூரம் போகாதவர் யார்?

முன்னாளில் இப்பிரயாணங்கள் மெதுவாகவே நடைபெற்றன. வளைவும் சந்தியும் மாட்டு மந்தையும் நிறைந்த வீதிகளிலே மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவது அருமை. 2011 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அது 2014 இல் மாத்தறைக்கும் 2020 இல் அம்பாந்தோட்டைக்கும் நீண்டது. கட்டுநாயக்காவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை 2013 இல் வந்தது. கதிர்காம யாத்திரை செல்லும் குடும்பமும், விமான நிலையத்துக்கு உறவினரை அழைத்துவரச் செல்லும் குடும்பமும் மணிக்கு 90, 100 கிலோமீற்றர் வேகத்திற் போவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது.

வேகம் வந்ததும் புதியதொரு முறைப்பாடும் வந்தது. அறுபது வரையும் அன்னம்போல் சென்ற வண்டி எண்பதைத் தாண்டியதும் நடுங்கத் தொடங்குகிறது. ஒரு வண்டியிற் சுக்கான் கையில் உதறுகிறது; இன்னொன்றிற் சுக்கான் அசையாதிருக்க, ஆசனமும் தரையும் அதிர்கின்றன; வேறொன்றிற் காதின் அடியில் ஒரு ரீங்காரம் கேட்கிறது. “றோட்டுப் பிழை” என்கிறார் சாரதி. நெடுஞ்சாலையோ கண்ணாடிபோற் கிடக்கிறது! பிழை வண்டியினுடையதே. சிறு வீதிகளில் உறங்கிக் கிடந்த குறை வேகத்தில் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த நடுக்கத்தைப் பொருட்படுத்தாது விடுவதனால் இரண்டு நட்டங்கள் உண்டு. முதலாவது, உயிரைப் பற்றியது. நடுக்கம் என்பது தளர்ந்த சில்லு நட்டின் எச்சரிக்கையாக இருக்கலாம். உள்ளே நார் அறுந்து வீங்கிய ரயரின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இரண்டாவது, பணத்தைப் பற்றியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் பாவனைக்கான வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையிலிருந்த ஐந்தாண்டுக் காலத்தில் இருந்த வண்டியையே பேணி ஓட்டவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. பழைய வண்டிக்கு நோய் வருவது இயல்பு. ஆனால் நோயை அறியாது மருந்து கொடுப்பதுதான் குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கிறது. முதலில் நான்கு ரயர், பின்பு ஷொக் அப்சோபர், அதன் பின் சுக்கான் மூட்டுகள் என்று ஒவ்வொன்றாக மாற்றி, பெருந்தொகை செலவிட்ட பின்னும் நடுக்கம் அப்படியே நிற்கின்ற கதைகளை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம்.

இவ்விடயத்தில் மந்திர வித்தை ஒன்றுமில்லை. பாடசாலையில் நாம் கற்ற சிறிதளவு பௌதிகமும் பொறுமையும் போதும். நல்ல வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்த பின்பே மருந்துப் பெட்டியைத் திறப்பார். வண்டிக்கும் நாடி உண்டு. அதனைப் பிடிக்கும் வகையை இங்கே கூறுவோம்.

எவை சுழல்கின்றன?

நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டியிலே தொடர்ந்து அதிர்வு எழுமானால், சுழலும் பொருள் ஒன்றிலேதான் குறை இருக்க வேண்டும். எனவே முதற்கேள்வி, எவை எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பதே.

கணக்குக்கு எளிதாக மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தை எடுத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 25 மீற்றர். சாதாரணக் காரொன்றின் ரயர் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே சில்லு செக்கனுக்கு 12½ முறை சுழல்கிறது.

பின்சில்லுகளால் உந்தப்படும் வண்டிகளிலே, அதாவது பழைய மொறிஸ் மைனர் முதல் இன்றைய வாடகை வான்கள் வரையிலானவற்றிலே, முன்னாலுள்ள கியர்பெட்டியையும் பின்னாலுள்ள டிபரென்ஷலையும் ஒரு நீண்ட உருக்குக் குழாய் இணைக்கிறது. இதனையே புரொப்பெலர் ஷாப்ட் என்பர். டிபரென்ஷலிலுள்ள பற்சில்லுகள் இதன் வேகத்தைக் குறைத்தே சில்லுக்குக் கொடுக்கின்றன. நான்குக்கு ஒன்று என்பது வழக்கமான அளவுக்கு அண்ணளவானது. ஆகவே சில்லு 12½ முறை சுழலும்போது ஷாப்ட் செக்கனுக்கு 50 முறை சுழல்கிறது. இந்த ஷாப்டின் இரு முனைகளிலுமுள்ள யுனிவேர்சல் ஜொயின்ற் என்னும் மூட்டுகள், ஷாப்ட் ஒரு முறை சுழல்வதற்குள் இரண்டு முறை துடிக்கும் இயல்புடையவை. அத்துடிப்பு செக்கனுக்கு 100.

பன்னிரண்டரை, ஐம்பது, நூறு என்னும் இம்மூன்று எண்களையும் மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் நாடி இவையே. செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை என்பது கையாலும் உடம்பாலும் உணரக்கூடிய உதறல். இருபதுக்குக் குறைந்த மீடிறனை நம் காது ஒலியாகக் கேளாது. ஐம்பது என்பது பாதத்திலே கூச்சம்போல் உணரப்படும் நுண்ணதிர்வு. சிறிது முழக்கமும் சேர்ந்திருக்கும். நூறு என்பது தெளிவான ரீங்காரம். நம் தெருக்களிலே மின்கம்பத்தில் இருக்கும் மின்மாற்றி இரைவதைக் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஆதலால் அவ்விரைச்சல் செக்கனுக்கு 100 துடிப்புடையது. அதே சுருதி தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் வானின் தரையிலிருந்து எழுமானால், சில்லைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

சிறு பிழையும் பெரு விசையும்

“சில்லிலிருந்து ஒரு சிறு ஈயத்துண்டு விழுந்ததற்காகவா இவ்வளவு பெரிய வண்டி நடுங்கும்?” என்று சிலர் ஐயுறுவர். இதற்கும் கணக்கு உண்டு. சுழலும் பொருளின் ஒரு பக்கம் பாரமாயிருந்தால் அப்பாரம் வெளியே இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். றிம்மின் விளிம்பிலே 30 கிராம் குறைந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 45 கிலோமீற்றரில் அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரத்தின் இழுப்பையே உண்டாக்கும். 90 கிலோமீற்றரில் அது நான்கு மடங்காகி, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ ஆகிவிடும். மூன்றரைக் கிலோ எடையுள்ள சம்மட்டியால் ஒருவன் செக்கனுக்குப் பன்னிரண்டு தடவை சில்லைத் தட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள்!

புரொப்பெலர் ஷாப்டோ இன்னும் நுண்மையானது. அதன் ஆரை மூன்றரைச் சதமமீற்றர்தான் என்றாலும், நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அங்கே 10 கிராம் பிழை சில்லின் 30 கிராம் பிழைக்கு ஈடான விசையைத் தந்துவிடுகிறது. தொழிற்சாலையிலே அதன்மீது ஒட்டவைக்கும் சிறு உருக்குத் தகடு ஒன்று துருப்பிடித்து விழுவதும், அடியிற் சேறு கட்டியாக ஒட்டிக்கொள்வதும், கல்லில் மோதிக் குழாய் நசுங்குவதும் இதற்குப் போதும்.

இன்னொரு புதிருக்கும் இங்கே விடையுண்டு. எண்பதில் தொடங்கும் நடுக்கம் நூறைத் தாண்டியதும் சில வண்டிகளிற் குறைந்துவிடுகிறது. வேகம் கூடினால் நோயும் கூடவேண்டுமல்லவா? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது வந்து திரும்பும் வேளையறிந்து தள்ளினால் ஒரு குழந்தையாலும் அதனை உயர ஆட்டிவிடலாம்; வேளை தவறித் தள்ளினால் பலவானாலும் முடியாது. சில்லும் அச்சும் வில்லின்மீதும் ரயரின் காற்றின்மீதும் நிற்கும் ஓர் ஊஞ்சலே. அதன் இயற்கை மீடிறன் பெரும்பாலும் செக்கனுக்குப் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டது. சில்லின் சுழற்சி அம்மீடிறனோடு ஒத்துவரும் வேகத்திற் பரிவு ஏற்பட்டு நடுக்கம் பெருகுகிறது, கடந்தபின் தணிகிறது. தணிந்துவிட்டது என்பதற்காகக் குறை நீங்கிவிட்டது என்று எண்ணலாகாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

கராஜுக்குச் செல்லுமுன் வண்டிக்காரர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று. நடுக்கம் எந்த வேகத்தில் தொடங்குகிறது? எங்கே உணரப்படுகிறது? ஆக்சிலேற்றரை மிதிக்கும்போது கூடுகிறதா, விடும்போது கூடுகிறதா? பிறேக் போடும்போது மட்டுமா? அண்மையில் வண்டியில் என்ன வேலை செய்யப்பட்டது?

இடத்தைப் பற்றிய விடை பெரிதும் உதவும். சுக்கான் உதறினால் முன்சில்லுகளை ஐயுறலாம். சுக்கான் அமைதியாயிருக்க ஆசனம் நடுங்கினால் பின்சில்லுகளையோ புரொப்பெலர் ஷாப்டையோ ஐயுறலாம். பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறுமானால், பிறேக் தட்டு ஒரே தடிப்பாக இல்லாமையே பெரும்பாலும் காரணம். அதற்காக ஷாப்டைக் கழற்றுவது வீண். பாரத்தோடு ஏற்றத்தில் ஆர்முடுகும்போது மட்டும் நடுங்கி, ஆக்சிலேற்றரை விட்டதும் நின்றுவிடுமானால், சில்லின் சமநிலையன்று, விசையைக் கடத்தும் மூட்டுகளே குற்றவாளிகள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசிக் கேள்வி. நேற்றுவரை நன்றாயிருந்த வண்டி, ரயர் மாற்றிய மறுநாளோ கிளச் தட்டு மாற்றிய மறுநாளோ நடுங்குமானால், அவ்வேலையின்போது கைப்பட்ட பாகத்தையே முதலிற் பார்க்க வேண்டும்.

மூன்று பரீட்சைகள்

அடுத்து, எஞ்சினா, வண்டியின் ஓட்டமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இதற்கு மூன்று எளிய பரீட்சைகள் உள்ளன. வாகன நெருக்கமில்லாத நேரான வீதியில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் மட்டுமே இவற்றைச் செய்தல் வேண்டும். சாரதி வீதியைப் பார்க்க, அருகிலிருப்பவரே குறிப்பெடுக்க வேண்டும். பின்னால் வண்டிகள் விரைந்துவரும் அதிவேக நெடுஞ்சாலை இத்தகைய சோதனைகளுக்கு ஏற்ற இடமன்று.

முதலாவது, நடுக்கம் வரும் வேகத்திலேயே கியரை ஒன்று குறைத்துப் பார்ப்பது. வண்டியின் வேகம் மாறவில்லை. எஞ்சினின் வேகம் கூடிவிட்டது. நடுக்கம் முன்போலவே இருந்தால் எஞ்சின் நிரபராதி. நடுக்கம் மறைந்தாலோ வேறு வேகத்துக்கு மாறினாலோ எஞ்சினையும் அதனைத் தாங்கும் இறப்பர்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கியரை நியூற்றலில் வைத்து வண்டியைச் சில செக்கன்கள் தானாக உருளவிடுவது. நடுக்கம் தொடர்ந்தால் சில்லு, ஷாப்ட் முதலிய சுழலும் பாகங்களின் சமநிலைக் குறை. நின்றுவிட்டால் விசை கடத்தும் மூட்டுகளின் தேய்வு அல்லது எஞ்சின். இப்பரீட்சையின்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பிறேக்குக்கும் சுக்கானுக்கும் கிடைக்கும் துணைவலு போய்விடும், சுக்கான் பூட்டிக்கொள்ளவுங்கூடும்.

மூன்றாவது, வண்டியை நிறுத்திவைத்து, நியூற்றலில், நடுக்கத்தின்போதிருந்த அதே எஞ்சின் வேகத்துக்கு ஆக்சிலேற்றரை மிதிப்பது. நின்ற வண்டியும் நடுங்கினால் விடை தெளிவாகிவிடும்.

இக்காலத்துக் கைத்தொலைபேசிகளில் அசைவை அளக்கும் நுண்கருவி ஒன்று அமைந்துள்ளது. அதனைக்கொண்டு அதிர்வின் மீடிறனைக் காட்டும் செயலிகளும் உள்ளன. தொலைபேசியைத் தரையிலோ ஆசனத்தின் இரும்புச் சட்டத்திலோ இறுக்கி வைத்து, அருகிலிருப்பவர் எண்ணைப் பார்த்துச் சொல்லலாம். 90 கிலோமீற்றரில் பன்னிரண்டை அண்டிய எண் வந்தால் சில்லு. ஐம்பதை அண்டினால் ஷாப்ட். வேகம் பாதியானால் எண்ணும் பாதியாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். வீட்டிலுள்ள பௌதிக மாணவனுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறில்லை.

சில்லை முதலிற் பாருங்கள்

நடுக்கங்களிற் பெரும்பாலானவை சில்லிலேயே பிறக்கின்றன. அதனைப் பார்ப்பதும் செலவு குறைந்தது. ஆதலால் அங்கேயே தொடங்க வேண்டும். றிம்மின் உட்புறத்தில் காய்ந்த சேறு உண்டா? சமநிலைக்கு அடித்த ஈயத்துண்டு இருந்த இடம் வெறுமையாயிருக்கிறதா? குழியில் விழுந்து றிம் நெளிந்திருக்கிறதா? ரயரின் பக்கத்தில் வீக்கம் உண்டா? சில்லை உயர்த்திச் சுழற்றி, அருகே ஒரு குச்சியை அசையாது பிடித்தால், ரயர் வட்டமாக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பது வெறுங்கண்ணுக்கே புலப்படும். வட்டம் கெட்ட ரயருக்கு எத்தனை ஈயம் அடித்தாலும் பயனில்லை என்பதை நினைவிற் கொள்க. பல நாள் நகராது நின்ற வண்டியின் ரயர், அடியிற் சற்றே தட்டையாகி முதற் சில கிலோமீற்றருக்கு உதறி, சூடானபின் சரியாவதும் உண்டு.

ரயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள்.

முன்சில்லையும் பின்சில்லையும் இடம் மாற்றிப் பூட்டிப் பார்ப்பது ஒரு காசும் செலவில்லாத பரீட்சை. சுக்கானில் இருந்த உதறல் ஆசனத்துக்குப் போய்விட்டால் குற்றம் அச்சில்லிலேயே என்பது நிரூபணமாகும். பூட்டும்போது நட்டுகளை ஒன்றுக்கு எதிரொன்றாக இறுக்குதல் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடுமுன் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்த்தல் வேண்டும்.

கார்டானின் மூட்டு

சில்லு குற்றமற்றது என்று கண்டபின் ஷாப்டுக்கு வருவோம். ஆதியில் மோட்டார் வண்டிகள் பல, துவிச்சக்கர வண்டியைப்போலச் சங்கிலியாலேயே சில்லைச் சுழற்றின. 1898 இல் பிரான்சு தேசத்து லூயி றெனோ என்னும் இளைஞர், சங்கிலியை நீக்கி, மூட்டுகள் பொருத்திய தண்டினால் விசையைக் கடத்தும் சிறு வண்டியொன்றைச் செய்தார். அந்த மூட்டுக்கு அடிப்படையான எண்ணம் அதனினும் மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய வைத்தியரும் கணித மேதையுமான கார்டானோவின் (1501 – 1576) பெயராலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி றொபேர்ட் ஹூக்கின் பெயராலும் அது இன்றும் வழங்கப்படுகிறது. சிலுவை வடிவான உருக்குத் துண்டின் நான்கு முனைகளையும் இரண்டு கவர்கள் பற்றியிருப்பதே அதன் அமைப்பு.

இம்மூட்டில் ஒரு விசித்திரம் உண்டு. இரு தண்டுகளும் கோணத்தில் நிற்குமானால், ஒன்று சீராகச் சுழன்றாலும் மற்றது சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் ஓடும். கோணம் 3 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றின் ஏழிலொரு பங்குதான். 10 பாகையாயின் நூற்றுக்கு ஒன்றரை. 30 பாகையாயின் நூற்றுக்குப் பதினைந்து!

அவ்வாறாயின் வண்டி எவ்வாறு அமைதியாக ஓடுகிறது? ஷாப்டின் இரு முனைகளிலும் இரண்டு மூட்டுகளை வைத்து, இரண்டின் கோணங்களையும் சமமாக்கி, ஷாப்டிலுள்ள இரு கவர்களையும் ஒரே தளத்தில் நிறுத்தினால், முதல் மூட்டு செய்யும் பிழையை இரண்டாவது மூட்டு எதிர்ப்பிழை செய்து நீக்கிவிடும். மிக அழகான ஏற்பாடு. ஆனால் மிக எளிதிற் கெடக்கூடிய ஏற்பாடு. கியர்பெட்டியைத் தாங்கும் இறப்பர் அமிழ்ந்தால் முன்கோணம் மாறும். பாரம் ஏற்றுவதற்காகப் பின்வில்லில் தகடு சேர்த்து உயர்த்தினால் பின்கோணம் மாறும். நடுவில் வழுக்கி நீளும் பகுதியைப் பிரித்துத் திரும்பப் பூட்டும்போது பல் மாறிப் பூட்டினால் கவர்கள் ஒரே தளத்தில் நில்லா. அப்பொழுது பிழைகள் ஒன்றையொன்று நீக்காமல் எஞ்சும். மின்மாற்றியின் ரீங்காரம் வண்டிக்குள் கேட்கும்.

நீண்ட வான்களில் ஷாப்டை இரண்டு துண்டாக்கி நடுவில் இறப்பரில் அமைந்த ஒரு பெயரிங்கால் தாங்கியிருப்பர். நீண்ட மெல்லிய தண்டு வேகமாகச் சுழன்றால் சிறுவர் சுழற்றும் கயிறுபோல் நடுவிற் புடைக்க முற்படும் என்பதே அதற்குக் காரணம். அவ்விறப்பர் கிழிந்தாலும் அதிர்வு எழும்.

மூட்டின் தேய்வை அறிவதற்குக் குறிகள் உண்டு. முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போது “டங்” என்ற ஓசை, மூட்டின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள், கையாற் பிடித்து முறுக்கினால் ஆட்டம் ஆகியன கண்டால் தாமதியாது மாற்றவேண்டும். மூட்டு உடைந்து ஷாப்டின் முன்முனை வீதியில் விழுமானால் ஓடும் வண்டி என்ன பாடுபடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

முன்சில்லு இழுக்கும் வண்டிகள்

இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் முன்சில்லுகளே வண்டியை இழுக்கின்றன. புரொப்பெலர் ஷாப்ட் அவற்றில் இல்லை. முன்சில்லு திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதனால் கார்டானின் மூட்டு அங்கே போதாது. 1926 இல் அமெரிக்கப் பொறியியலாளர் அல்பிரெட் செப்பா உருக்குக் குண்டுகள் அமைந்த புதிய மூட்டொன்றை உருவாக்கினார். எக்கோணத்திலும் சீராகச் சுழல்வது அதன் பெருமை. மொறிஸ் மைனரை அமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959 இல் வெளிவந்த மினி காரில் இவ்வகை மூட்டைப் பயன்படுத்தி, முன்சில்லு இழுவையைச் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டச் செய்தார். ஸீ.வீ. ஜொயின்ற் என்று கராஜ்களில் வழங்குவது இதுவே.

இவற்றில் நோயின் குறி வேறு. சில்லருகே உள்ள வெளிமூட்டு தேய்ந்தால், வளைவில் திரும்பும்போது “கடக், கடக்” என்ற ஓசை கேட்கும். கியர்பெட்டியருகே உள்ள உள்மூட்டில் வழக்கமாக மூன்று உருளைகள் இருக்கும். அது தேய்ந்தால், பாரத்தோடு ஆர்முடுகும்போது வண்டி பக்கவாட்டில் உதறும். ஆக்சிலேற்றரை விட்டதும் நின்றுவிடும். சில்லை எத்தனை முறை சமநிலைப்படுத்தினாலும் இது நீங்காது. பெரும்பாலும் இந்நோய்க்கு முதற்காரணம், சிறு செலவை எண்ணி மாற்றாமல் விட்ட ஒரு கிழிந்த இறப்பர் உறையே. கிறீஸ் வெளியேற, மணலும் நீரும் உள்ளே புகுந்து மூட்டைத் தின்றுவிடுகின்றன.

ஓர் உதாரணம்

இதுவரை கூறியதைச் சேர்த்துப் பார்ப்போம். வாடகைக்கு ஓடும் வான் ஒன்று 80 இல் நடுங்கத் தொடங்கி 90 இல் மிகுகிறதென்று வைத்துக்கொள்வோம். சுக்கான் அமைதி; நடு ஆசனத்தின் அடியில் நுண்ணதிர்வு. கியரைக் குறைத்தாலும் மாறவில்லை. ஆகவே எஞ்சின் அன்று. நியூற்றலில் உருண்டாலும் மாறவில்லை. ஆகவே மூட்டின் பாரத்தால் எழுவதன்று, சமநிலைக் குறை. தொலைபேசி 90 இல் ஐம்பதைக் காட்டுகிறது. ஆகவே சில்லன்று, ஷாப்ட். பழைய பற்றுச்சீட்டைப் பார்த்தால், சென்ற மாதம் கிளச் தட்டு மாற்றப்பட்டிருக்கிறது. அவ்வேலைக்கு ஷாப்டைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றுமுன் அடையாளம் இடாமல், பின்முனையை அரைச்சுற்று மாற்றிப் பூட்டியிருந்தால், தொழிற்சாலையில் டிபரென்ஷலோடு ஒத்துவரச் செய்த சமநிலை கெட்டிருக்கும். நான்கு போல்ற்றைக் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டுவதே முதலிற் செய்துபார்க்க வேண்டிய சிகிச்சை. அதற்கு ஒரு மணி நேர வேலைக்கூலி போதும். நான்கு புதிய ரயரின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்! ஷாப்டைக் கழற்றுமுன் சோக்குக்கட்டியால் ஒரு கோடு இழுப்பது எத்துணைப் பெரிய சேமிப்பு!

இறுதியாகச் சில எச்சரிக்கைகள்

வண்டியை உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் ஷாப்டின் அருகே தலையை நீட்டுவது உயிருக்கு உலைவைக்கும் செயல். அது தக்க தாங்கிகளும் பயிற்சியும் உடைய தொழிலாளரின் வேலை. ஜக்கின்மீது மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் எவரும் புகலாகாது. முன்பில்லாத நடுக்கம் திடீரெனத் தோன்றி வரவர வளருமானால், பரீட்சை செய்ய வேண்டாம். வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, சில்லு நட்டுகளையும் ரயரையும் முதலிற் பாருங்கள். குடும்பத்தோடு செல்லும்போது “வீடு வரைக்கும் தாங்கும்” என்று துணிவது துணிவாகாது.

வாடகை வானிற் செல்வோரும் வாய் திறக்கத் தயங்க வேண்டியதில்லை. தினமும் ஓட்டுகிற சாரதிக்கு நடுக்கம் பழகிப்போயிருக்கும். புதிதாக ஏறியவருக்கே அது முதலிற் புலப்படும். “அண்ணை, ஆசனத்துக்குக் கீழே ஒரு நடுக்கம் தெரிகிறது, ஒருக்கால் நிறுத்திப் பார்ப்போமா?” என்று பணிவாகச் சொல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

சொந்த வண்டி உடையோர், “வண்டி ஆடுகிறது, பாருங்கள்” என்று மட்டும் கராஜில் சொல்லிவிட்டு வாராதீர்கள். எந்த வேகத்தில், எங்கே, எப்பொழுது, எந்த வேலைக்குப்பின் என்று நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். நல்ல தொழிலாளி அதனைக் கண்டு மகிழ்வார். அவருடைய அரைநாள் உழைப்பும் உங்கள் பணமும் மிஞ்சும். அத்தாளைப் பார்த்ததும் எதையும் கேளாமல் புதிய சாமான்களின் விலையைச் சொல்லத் தொடங்குபவரிடம் வண்டியை விடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.